செவலைக் குட்டியின் முதல் நரை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. அந்தக் குதிரைப் பண்ணையில் எல்லாருக்கும் அவர் சீட்டி. முதலாளிக்குச் சீட்டி, கூட வேலை பார்ப்பவர்களுக்குச் சீட்டியண்ணன், கோபம் வந்தால் மனைவிக்கு "இந்தச் சீட்டி மனுஷன்". குதிரை தண்ணீர் குடிக்க ஒரு சீட்டி, மூத்திரம் போக ஒன்று, லாடம் அடிக்கும்போது அசையாமல் நிற்க இன்னொன்று என்று தனித்தனியாக வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சீட்டியடித்தபடியே வீட்டுக்குள் நுழைந்தாராம். "இது எந்தச் சீட்டிங்க? நான் தண்ணி குடிக்கணுமா, வேற எதுக்காவது போகணுமா?" என்று மனைவி கேட்டாளாம். அன்றிலிருந்து வாசலோடு வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டார்.

இப்போது அறுபதைத் தாண்டியாயிற்று. முழங்கால் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு வலித்தன. இந்த வருஷக் குட்டிகள் பால் மறந்ததும் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விடுவதென்று பேச்சு முடிந்திருந்தது. மகள் வீடு நான்காவது மாடி. அங்கே ஒரு பூனை வளர்க்கக்கூட அனுமதி கிடையாது. "போனாப் போகுது, நாம ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம்" என்றாள் மனைவி. "அதுக்குத்தான் பயமா இருக்கு" என்றார் சீட்டி.

போவதற்கு முன் அவருக்கு ஒரே ஒரு ஆசை. மூக்குத்தியை இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும். மூக்குத்தி என்பது ஒரு பெட்டைக் குதிரை. அது செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்ததை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்குக் குதிரை வளர்ப்பு தெரியாது என்று அர்த்தம். குதிரைக்காரனுக்குச் சாவு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மகளில் வராவிட்டால் பேத்தியில் வரும், பேத்தியில் வராவிட்டால் அவள் மகளில் வரும் என்று உட்கார்ந்திருப்பான். சீட்டியும் அப்படித்தான் ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு குட்டி விழும்போதும், உட்கார்ந்திருந்தார்.

மூக்குத்தி பண்ணைக்கு வந்தபோது அவருக்கு மீசை அரும்பும் வயசு. பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் குதிரை வளர்த்த கூட்டத்திடமிருந்து பண்ணை முதலாளி பேரம் பேசி வாங்கி வந்த அரபிப் பெட்டை அவள். செவலை நிறம். இடது மூக்கோரத்தில் சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளை, அதனால் அந்தப் பெயர். அழகி என்று அவளை யாரும் சொன்னதில்லை. மூஞ்சி நேராக நீளமாக இருக்கும், காது பெரிசு, வயிறு கொஞ்சம் சரிந்தே இருக்கும். ஆனால் நடக்க ஆரம்பித்தால் நடந்துகொண்டே இருப்பாள். கொடுத்ததைத் தின்பாள், மழையோ குளிரோ விட்ட இடத்தில் நிற்பாள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

ஒரு நாள் பண்ணையைத் தாண்டி, ஆள் நடமாட்டமே இல்லாத மணல்வெளியில் போகும்போது அவள் கால் ஒரு பொந்தில் இறங்கிவிட்டது. மேலே இருந்த சீட்டி தூக்கியெறியப்பட்டார். தொடை எலும்பு முறிந்தது. உச்சி வெயில். எழுந்திருக்க முடியவில்லை, கத்தினால் கேட்க ஆளில்லை. பொதுவாக அந்த நேரத்தில் குதிரை லாயத்தைப் பார்த்து ஓடிவிடும். அதன் புத்தி அப்படி. மூக்குத்தி ஓடவில்லை. அவருக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து நின்றாள். வெயில் சாயச் சாய அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நின்றாள். ஆட்கள் தேடிக்கொண்டு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அதுவரை அவர் முகத்தை விட்டு நிழல் விலகவில்லை.

இந்தக் கதையைச் சீட்டி சொல்லாத ஆள் பண்ணையில் இல்லை. நம்பிய ஆளும் அதிகம் இல்லை. "குதிரை நிழல் குடுக்கவாண்ணே நிக்கும்? அலுத்துப்போய் நின்னிருக்கும்" என்பார்கள். குதிரை டாக்டரோ, "காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு முதுகைக் காட்டி நிக்கும், அவ்வளவுதான்" என்றார். இருக்கட்டும். மணலில் கிடந்தது டாக்டர் இல்லையே.

அதற்கப்புறம் கப்பல் வந்தது. கடல் தாண்டி, பெயர்பெற்ற ஒரு பண்ணையிலிருந்து முதலாளி ஓர் அரபிப் பொலிகுதிரையை இறக்குமதி செய்தார். பால் வெள்ளை. மூஞ்சி நடுவில் குழிந்து, மூக்கு நுனி ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடும். கண் இரண்டும் உருண்டு பளபளவென்று இருக்கும். வாலைத் தூக்கிக்கொண்டு அவன் பலகையில் இறங்கி வந்தபோது துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீட்டிக்குமே மூச்சு நின்றுதான் வந்தது, பொய் சொல்லக்கூடாது. அவன் காகிதத்தில் எழுதியிருந்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கப்பல்காரன் என்று ஆகிவிட்டது.

பண்ணையிலிருந்த அத்தனை பெட்டைகளும் கப்பல்காரனிடம் போயின, மூக்குத்தியும் போனாள். அவள் போட்ட மகளைப் பார்த்தால் அப்பனை உரித்து வைத்தாற்போல இருந்தது. அடுத்து அவன் சொந்தக்காரன் ஒருவன் கடல் தாண்டி வந்தான், பேத்திகள் அவனிடம் போயின. அதில் பிறந்த குட்டிகள் கண்காட்சிகளில் கோப்பை கோப்பையாக ஜெயித்தன. வெளிநாட்டிலிருந்து வாங்க ஆட்கள் வந்தார்கள். பண்ணைக்கு நல்ல காலம் பிறந்தது, அதில் வந்த சம்பளத்தில்தான் சீட்டியின் மகளும் படித்தாள். கப்பல்காரனைக் குறை சொன்னால் சோறு செரிக்காது. ஆனால் அந்தக் குட்டிகளுக்குக் குளிர் ஆகாது, கண்ட புல் ஆகாது. மேலே இருப்பவன் விழுந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குப் பறந்துவிடும்; ஆள் விழுந்த சேதியே குதிரை வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும்.

அரபிக் குதிரைக்காரர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வம்சத்தின் பெயர் தாய் வழியாகத்தான் இறங்கும். அப்பன் எந்தச் சீமையிலிருந்து வந்திருந்தாலும் மூக்குத்தியின் மகள் மூக்குத்தி வம்சம், அவள் மகளும் மூக்குத்தி வம்சம். அந்தக் கணக்கில் மூக்குத்தி வம்சம் சாகவே இல்லை. லாயத்துக் கதவில் பலகை தொங்கியது, பலகையில் பெயர் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் நிற்பது கப்பல்காரன். "பேரு மட்டும் பொறந்த வீடு, மத்ததெல்லாம் புகுந்த வீடு" என்று சீட்டியின் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். அவள் குதிரைகளுக்குப் போர்வை தைப்பவள். கப்பல்காரன் வந்த பிறகுதான் பண்ணையில் போர்வைக்கே தேவை வந்தது, அந்த நன்றி அவளுக்குக் கொஞ்சம் இருந்தது.

மூக்குத்தியின் கொள்ளுப்பேத்தி சீமாட்டி. பெயர் வைத்தவர் சீட்டிதான், பிரியத்தில் இல்லை, கேலியில். நிறம் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்துச் செவலையாக இருந்தது. மற்றபடி குழிந்த மூஞ்சி, உருண்ட கண், தூக்கிய வால், எல்லாம் கப்பல் சரக்கு. அவளைச் சீட்டி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். கடமையில் குறை இல்லை, ஆசைதான் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவள் வயிற்றைப் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்கோ அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. வேலியோரமாகவே அவர் பின்னால் நடப்பாள். மேய்ச்சல் வெளியில் அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கடிவாள வாருக்கு எண்ணெய் போட்டால், பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள். "வெளிச்சத்தை மறைக்காதேடி, தள்ளி நில்லு" என்று முழங்கையால் இடிப்பார். நகர்வாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து நிற்பாள். கேரட்டுக்கு அலைகிறாள் என்பது அவர் தீர்ப்பு. அவர் சட்டைப்பையில் எப்போதும் கேரட் இருக்கும் என்பதால் அந்தத் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

மூக்குத்தியின் உண்மையான ரத்தம் என்று பண்ணையில் மிஞ்சியது ஒரே ஓர் உயிர். பாலைவனக் கூட்டத்திடமே தங்கிவிட்ட அவள் தங்கை வழியில் பிறந்து, பின்னால் குட்டியாக வாங்கி வந்த செவலை ஆண் குதிரை. கப்பல் ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் கலக்காதவன். நேர் மூஞ்சி, பெரிய காது. அவனைக் கிழவன் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், இளவயதிலேயே அப்படித்தான். கண்காட்சிக்கு உதவாத மூஞ்சி என்பதால் பெட்டைகளைச் சேரும் பாக்கியம் அவனுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு வேலை கொடுத்திருந்தார்கள். எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று பார்க்க அவனைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் முகர்ந்து, கனைத்து, கழுத்தை வளைத்துக் குஷியாகும்போது பெட்டை இசைந்து நின்றால் விஷயம் தெரிந்துவிடும். உடனே அவனை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டுக் கப்பல் வம்சத்து வெள்ளைக் குதிரையைக் கூட்டி வருவார்கள். "காலம் பூரா பொண்ணு பார்க்கிற வேலை, கல்யாணம் மட்டும் அடுத்தவனுக்கு" என்று சீட்டி அவன் கழுத்தைத் தட்டிக் கொடுப்பார்.

இப்போது பண்ணையை நடத்துவது முதலாளியின் மகள். வேலைக்காரர்களுக்குச் சின்னம்மா. பழைய முதலாளி இப்போது எல்லாருக்கும் பெரியவராகி, ஒரு பக்கம் கைகால் விழுந்து சக்கர நாற்காலியில் இருந்தார். சின்னம்மா காலத்தில் கப்பலும் தேவைப்படவில்லை. வெளிநாட்டுக் குதிரை அங்கேயே இருக்க, அதன் விந்தை உறைய வைத்து டப்பாவில் விமானத்தில் அனுப்புகிறார்கள். சீமாட்டிக்கும் அப்படி ஒரு வெள்ளைக் குதிரையின் டப்பா வந்தது. படத்தில் மட்டுமே பார்த்த அந்த ஆளுக்குச் சீட்டி டப்பாக்காரன் என்று பெயர் வைத்தார். டாக்டர் ஊசி போட்டார். பிறகு ஸ்கேன் பண்ணிப் பார்த்து, "பிடிக்கலை" என்று உதட்டைப் பிதுக்கினார். சீமாட்டிக்கும் வயசாயிற்று, இந்த வருஷத்தோடு சரி என்றும் சொன்னார். இன்னொரு டப்பா வருவதற்குள் பருவம் முடிந்துவிடும்.

சீமாட்டி மறுபடி கிழவனிடம் இசைந்து நின்ற அன்று, சீட்டி அலுவலக அறை வாசலில் போய்த் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்னம்மா, இந்த ஒரு தடவை கிழவனையே விட்டுடலாமா?"

"அந்தக் குட்டியை யாருண்ணே வாங்குவா?"

"யாரும் வாங்க வேண்டாம்."

சின்னம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அப்பாவும் இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கார். மூக்குத்தி மாதிரி ஒண்ணைப் பார்த்துட்டுப் போகணும்னு. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"இல்லைம்மா. அவர் ஆசை அவருக்கு, என் ஆசை எனக்கு."

"சரி. விடுங்க."

வாழ்நாளில் முதல் தடவையாகக் கிழவனைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அழைத்து வந்தார்கள். பாவம், அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. பாதி வழியில் நின்று, வழக்கம்போல இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று தானாகவே திரும்பிவிட்டான். சீட்டி அவன் கழுத்தில் கையைப் போட்டார். "இன்னைக்கு உன் கல்யாணம்டா, வா" என்று காதோரம் சொல்லிக் கூட்டிப் போனார். பிறகு டாக்டர் வந்து பார்த்தபோது சினை நன்றாகவே பிடித்திருந்தது. குளிர்காலத்தில் கிழவன் ஒரு நாள் புல் தின்னாமல் படுத்தான், மறுநாள் போய்விட்டான். இனி சீமாட்டி வயிற்றில் இருப்பதுதான் எல்லாம்.

குட்டி எதிர்பார்த்ததற்கு மூன்று வாரம் முந்தியே வந்தது, விடியற்காலையில். சீட்டி வைக்கோலில் முழங்கால் வலியை மறந்து மண்டியிட்டு அதன் மூக்கைத் துடைத்தார். பெட்டைக் குட்டி. செவலை நிறம். மூக்கோரத்தில், இடது பக்கத்தில், ஒரு வெள்ளை. அவர் அப்படியே குட்டியின் ஈரக் கழுத்தில் முகத்தை வைத்து அழுதார். சீமாட்டி திரும்பிக் குட்டியை நக்கினாள். நடுவே அவர் காதையும் ஒரு தரம் நக்கிவிட்டாள், அவர் கவனிக்கவில்லை.

மனைவி வந்து பார்த்தாள். "முந்திப் பொறந்த பிள்ளை மாதிரியா இருக்கு? கொழுகொழுன்னு இருக்கே."

"குதிரைன்னா முன்ன பின்னதான் இருக்கும். நீ போய்ப் போர்வையைத் தை."

"மூஞ்சி நேரா இருக்குங்கிறீங்க. பொறந்த குட்டிக்கு எது மூஞ்சி, எது மூக்குன்னே தெரியலையே."

"எனக்குத் தெரியுது."

தெரிந்தது என்றால் தெரிந்ததுதான். ஆசை வந்துவிட்டால் கண்ணுக்கு வேலை கிடையாது. பத்துப் பன்னிரண்டு நாள் அவர் தரையில் நடக்கவில்லை. முழங்கால் வலியே இல்லை என்று சொன்னார், மனைவி நம்பவில்லை. பெரியவருக்குச் சொல்லியனுப்பினார்கள், கொஞ்சம் உடம்பு தேறட்டும், நானே வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

பெரியவர் வரப்போவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் காலை, சீட்டி ஈரத்துணியால் குட்டியின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பீளை என்று நினைத்து இமையோரத்தை அழுத்தித் துடைத்தார். போகவில்லை. கிட்டத்தில் குனிந்து பார்த்தார். பீளை இல்லை. வெள்ளை முடி. இமையைச் சுற்றி, செவலை முடிகளுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக நரை.

வெள்ளைக் குதிரை வெள்ளையாகப் பிறப்பதில்லை. செவலையாகவோ கறுப்பாகவோ பிறந்து, வருஷத்துக்கு வருஷம் நரைத்துத்தான் வெள்ளையாகும். முதல் நரை தெரிகிற இடம் கண்ணோரம். அப்பனோ அம்மாவோ ஒருவர் வெள்ளையாக இருந்தாலொழியக் குட்டி நரைக்காது. சீமாட்டி செவலை, கிழவனும் செவலை. அப்படியென்றால் டப்பாக்காரன். டாக்டர் பிடிக்கவில்லை என்று சொன்னபோதே வயிற்றுக்குள் அவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். சில பெட்டைகள் சினையாக இருக்கும்போதே பருவம் காட்டும், சீமாட்டியும் காட்டியிருக்கிறாள். குட்டி முந்திப் பிறக்கவே இல்லை. சரியான நாளில்தான் பிறந்திருக்கிறது, அவர்தான் கணக்கைத் தப்பான கல்யாணத்திலிருந்து எண்ணியிருக்கிறார். தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்த அன்றுகூடக் கிழவன் பெண் பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறான்.

சீட்டி வாளியின் மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அழுகை வரவில்லை, அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. மூக்குத்தி இனி வரமாட்டாள் என்ற வார்த்தையை முப்பது வருஷமாக மனசுக்குள் நுழைய விடாமல் வைத்திருந்தார். இப்போது அது நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து மனைவியின் தையல் பெட்டியைக் குடைந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"முள்வாங்கி."

"எங்க முள்ளு குத்துச்சு?"

அவர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் இரண்டு தரம் உடைந்தது. மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"உங்க தலை நரையைப் பிடுங்குனா அர்த்தம் இருக்கு. குட்டியோட நரையைப் பிடுங்கி என்ன ஆகப்போகுது? எப்படியும் பதிவுக்கு முடி எடுத்து அனுப்புவாங்க, அப்பன் யாருன்னு அதுல தெரிஞ்சுடும்."

"அது வர நாளாகும். நாளைக்கு ஒரு நாள் அவர் பார்த்துட்டுப் போகட்டும். எனக்குத்தான் இல்லாமப் போச்சு, அவருக்காவது இருக்கட்டுமே."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பெட்டியின் அடியிலிருந்து முள்வாங்கியை எடுத்துக் கொடுத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் மூக்குக் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தாள். குட்டியைப் பிடித்துக்கொள்ளக் கூடவே போனாள்.

மறுநாள் முன்பகலில் பெரியவரின் நாற்காலியைச் சின்னம்மா மேய்ச்சல் வெளிக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். தொலைபேசி வந்து அவள் வேலிப் பக்கம் ஒதுங்கினாள். சீட்டி குட்டியை அணைத்தபடி கிட்டத்தில் கொண்டுவந்தார். பெரியவர் நல்ல கையை நீட்டினார். முதலில் மூக்கோரத்து வெள்ளையைத் தொட்டார்.

"வந்துட்டாடா."

"ஆமாங்கய்யா."

கை நெற்றிக்குப் போனது, காதுக்குப் போனது. அங்கிருந்து கண்ணுக்கு வந்தது. பெருவிரல் இமையோரத்தில் நின்றது. முடி பிடுங்கிய இடம் சின்னச் சின்னதாகத் தடித்துச் சிவந்திருந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார். அவரும் வாழ்நாள் முழுக்கக் குட்டிகளின் கண்ணைப் பார்த்தவர்தான்.

"இங்க என்னடா கடிச்சுது?"

"ஈங்கய்யா."

"ஈயா." அவர் விரல் இன்னும் அங்கேயே இருந்தது. "முள்வாங்கி வெச்சிருந்த ஈயா?"

சீட்டி தலையைத் தொங்கப்போட்டார். பெரியவர் சிரித்தார். ஒரு பக்கம் விழுந்த வாய், சிரிப்பும் ஒரு பக்கமாகத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"நாலு நாள்ல திரும்ப முளைக்கும் சீட்டி. நரையைப் பிடுங்கி ஜெயிச்சவன் யாரு?"

"உங்களுக்காகத்தான்யா."

"தெரியுது." கொஞ்ச நேரம் குட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவன் கப்பல்ல இருந்து இறங்கின அன்னைக்கு நான் அழுதேன், நீ பார்த்தே. அவ்வளவு அழகு. இப்படி ஒருத்தன் வந்தா இருக்கிறவ போயிடுவான்னு எனக்குத் தோணவே இல்லைடா. ரெண்டும் இருக்கும்னு நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்யா."

"இதையும் நல்லாப் பார்த்துக்கோ. அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

சின்னம்மா திரும்பி வந்து, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றார் பெரியவர். அதில் பொய் எதுவும் இல்லை. நாற்காலி வேலியைத் தாண்டிப் போகும் வரை சீட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வாளியை எடுக்கக் குனிந்தார். இடது முழங்கால் மடங்கியது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முடிந்தால்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை. உச்சி வெயில் தலையில் இறங்கியது. குட்டி துள்ளி வந்து அவரை முகர்ந்தது. ஒரு கணம் அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. வெட்கக்கேடு, அப்போதும் ஆசை விடவில்லை. குட்டி அவர் தொப்பியைக் கவ்விக்கொண்டு, வாலைக் கொடி மாதிரி தூக்கிக்கொண்டு, லாயத்தைப் பார்த்து ஓடியது. அச்சு அசல் கப்பல்காரன். சீட்டி தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். சிரிப்போடு முந்தின நாளிலிருந்து வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

தலையில் வெயில் குறைந்தது. முகத்தில் நிழல் விழுந்தது.

"வெளிச்சத்தை மறைக்காதேடி, தள்ளி" என்று முழங்கையைத் தூக்கியவர் பாதியில் நின்றார்.

சீமாட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குட்டி ஓடிய திசையை ஒரு தரம் பார்த்துக் கனைத்தாள், ஆனால் போகவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பெரியவர் வருகிறார் என்று துவைத்த சட்டை போட்டிருந்தார், பையில் ஒன்றுமில்லை. அவளும் பையை முகரவில்லை, அவரைப் பார்க்கக்கூட இல்லை. சும்மா நின்றாள். காற்று அவள் முகத்துக்கு நேராக அடித்தது, முதுகுக்கு இல்லை. சீட்டி உட்கார்ந்தபடியே கையை ஊன்றி வெயில் பக்கம் நகர்ந்து பார்த்தார். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். நிழல் அவரோடு வந்தது.

எத்தனை வருஷம். வாரில் எண்ணெய் போட்டபோது, குளம்பு சுத்தம் செய்தபோது, வெறுமனே உட்கார்ந்து மூக்குத்தியை நினைத்துக்கொண்டிருந்தபோது. ஒவ்வொரு தடவையும் இவள் வந்து நின்றாள், ஒவ்வொரு தடவையும் முழங்கையால் இடித்துத் தள்ளினார். குழிந்த மூஞ்சி, உருண்ட கண் என்று கேலி பேசிப் பெயர் வைத்தார். அடுத்த குட்டியில் வருவாளா, அதற்கடுத்ததில் வருவாளா என்று இவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். குட்டிகள் பால் மறக்க இன்னும் கொஞ்ச காலம்தான். அப்புறம் நான்காவது மாடியில் உட்கார்ந்து இவளை நினைக்க வேண்டும்.

அவர் சீட்டியடிக்க உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது. சீமாட்டி காதை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், கையில் குட்டியிடமிருந்து பிடுங்கிய தொப்பியோடு மனைவி வந்து நின்றாள். "ஏங்க, விழுந்துட்டீங்களா? அந்த வெயில்ல என்ன பண்றீங்க, எழுந்து வாங்க."

"வெயில் எங்கடி இருக்கு?" என்றார் சீட்டி. "நீயும் வா. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."